நாலாம் நம்பர் லொறியும் ரோதைமுனியும்

எனக்கு முப்பத்தொரு வயது. ஓய்வு பெற்றுவிட்டேன். இதைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எனக்கு மாலை போட்டார்கள், என்னைப் பற்றி உரை நிகழ்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகு ஒருவன் ஓய்வு பெறாமல் வேறு என்னதான் செய்வது? பென்சன் மட்டும் கிடையாது. அதனால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் ‘பென்சன் இல்லாத பென்சன்காரர்’ என்று பெயர்.

நான் பார்த்த வேலை, தோட்டத்து லொறிகளைப் பரிசோதிப்பது. திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாகனப் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருந்தேன். தொழிலாளர்கள் ‘சேப்டி சார்’ என்பார்கள். இப்போது அந்தப் பதவியே இல்லை. போன வாரம் வேறொரு தோட்டக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். அங்கே புதிதாக அதே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம்.

“அண்ணன், எங்களுக்கு லொறியப் பாக்கப் போகத் தேவயில்லங்க. டிரைவர்மாரே போன்ல போட்டோ எடுத்து அனுப்புவாங்க. டயர், பிரேக்கு, லைட்டு, எல்லாத்துக்கும் ஒவ்வொரு போட்டோ. நான் ஒபிசுல இருந்து பச்சை அமத்துனா சரி. நீங்க அந்தக் காலத்துல எப்பிடிங்க செஞ்சீங்க?”

அந்தக் காலம் என்று அவர் சொன்னது அண்மைக் காலம்தான். இருந்தாலும் கேட்டுவிட்டார். பெரியவனாக நடந்துகொள்வதைத் தவிர எனக்கு வழியில்லை. அவருக்குப் போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். ஹட்டனில் மோட்டார் தொழில்நுட்பம் படித்தேன். பிறகு கொழும்பில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் வாகனப் பாதுகாப்புப் பயிற்சி. அங்கே லொறி எதுவும் இருக்கவில்லை, திரையில் படங்கள்தான் ஓடின. படத்து லொறிகள் எல்லாம் தட்டையான ரோட்டில், வெயிலில், சும்மா நின்றுகொண்டிருந்தன. நான் திரும்பி வந்த தோட்டத்தில் ரோடு தட்டையாக இருந்தது ஒரே இடத்தில்தான், அது ஒபிசுக்கு முன்னால்.

பதவி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கம்பெனியிடம் கேட்டிருந்தார்கள். பதில் எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயராக நான் நியமிக்கப்பட்டேன். இது எனக்கு அப்போது தெரியாது. தேயிலைத் தோட்டத்து லொறிகளை நேராக்குவதற்காகவே பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டு, நீலநிறச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார், “எம் மவன் லொறிக்கு டாக்டரு.”

“அப்ப ஊசி போடுவாரா?” என்று கேட்டார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எனக்கு மேலதிகாரி ரத்நாயக்க மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. போக்குவரத்துப் பகுதி முழுவதற்கும் பொறுப்பானவர். நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார். தமிழ் பேசுவார், எங்களை விட மெதுவாகவும் மரியாதையாகவும் பேசுவார். லொறியை அவர் பரிசோதிக்கும் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வானத்தைப் பார்ப்பார், மழை வருமா என்று. பிறகு ஜீப்பின் கண்ணாடியைப் பாதி இறக்குவார். டிரைவர் பக்கத்தில் வந்து நிற்பார். “ஹோர்ன் அடிங்க” என்பார் மாத்தயா. டிரைவர் ஓடிப்போய் ஹோர்ன் அடிப்பார். சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும் வரை மாத்தயா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். “ஹரி, சரி. ஹோர்ன் அடிக்குதுன்னா பெட்டரி இருக்கு. பெட்டரி இருக்குன்னா லொறி உயிரோட இருக்கு.” அடுத்து முன்பக்க பம்பரைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டுவார். அது ஏன் என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசியாக, குறை ஏதாவது இருந்தால் சொல்லச் சொல்வார். சொன்னால் கவனமாகக் கேட்டு, “அவதானிப்போம்” என்பார்.

அவதானிப்போம் என்பது அவருக்கு ஒரு கருவி, எனக்கு ஸ்பேனர் போல. பிரேக் பிடிக்கவில்லையா, அவதானிப்போம். டயரில் நூல் தெரிகிறதா, அவதானிப்போம். அவர் அவதானித்த குறைகளை வரிசையாக நிறுத்தினால் நானுஓயா ஸ்டேசன் வரைக்கும் போகும்.

நான் அப்படி இல்லை. படித்ததை அப்படியே செய்தேன். லொறியின் கீழே சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொள்வேன். சுத்தியலால் சில்லு நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவேன். இறுக்கமான நட்டு மணி போலக் கேட்கும், தளர்ந்த நட்டு தகரம் போலக் கேட்கும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டி, சில்லு அசையும் முன் எவ்வளவு வெறுமனே திரும்புகிறது என்று பார்ப்பேன். பிரேக்கை மிதித்தபடியே வைத்திருப்பேன். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். கடைசிப் பரிசோதனை ஹேண்ட் பிரேக்குக்கு. சரிவில் லொறியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, காலை எடுக்கச் சொல்வேன். லொறி அசையக்கூடாது. அசைந்தால் சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஒட்டிய லொறி ஓடக்கூடாது. மஞ்சள் என்றால் ஓடலாம், ஆனால் குறையைத் திருத்த வேண்டும். பச்சை என்றால் நல்ல லொறி. பச்சை ஸ்டிக்கர் கட்டு பிரிக்கப்படாமலே கொஞ்சக் காலம் மேசையில் கிடந்தது.

தோட்டத்தில் இருந்தவை நான்கு லொறிகள். ஒன்றாம், இரண்டாம் நம்பர் கீழ்கணக்கிலும் மூன்றாம், நான்காம் நம்பர் மேல்கணக்கிலும் ஓடின. கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் பெண்களைத் தூர மலைக்கு ஏற்றிப் போவதும், பிறகு அவர்கள் எடுத்த கொழுந்தை பெக்டரிக்கு ஏற்றி வருவதும் இதே லொறிகள்தான். நாலாம் நம்பர் லொறியில் போகிறவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

முதலாவது ஆச்சரியம் டயர்களில் வந்தது. ஒன்றாம் நம்பரைப் பரிசோதித்தபோது டயர்கள் நன்றாக இருந்தன. இரண்டாம் நம்பரின் டயர்களும் நன்றாக இருந்தன. மூன்றாம் நம்பரின் டயர்களும் அப்படியே. இவ்வளவு மோசமான லொறிகளுக்கு இவ்வளவு நல்ல டயர்கள் இருப்பதைப் பற்றி நான் மகிழ்ச்சியோடு மாத்தயாவிடம் சொல்லவும் செய்தேன். நாலாம் நம்பரின் கீழே படுத்திருந்தபோதுதான், இடது பக்க டயரின் ஓரத்தில் பிறை போல ஒரு வெட்டுக் காயம் கண்ணில் பட்டது. அதே பிறையை நான் முன்பும் பார்த்திருந்தேன், மூன்று லொறிகளிலும்.

நாலாம் நம்பரின் டிரைவர் செல்வராஜ் அண்ணன். எங்கள் லயத்துக்குப் பின் லயம். நான் சின்ன வயதில் அவர் தோளில் இருந்து தேர் பார்த்தவன். வெளியே வந்து கேட்டேன்.

“அண்ணே, இது யாரோட டயரு?”

“நம்ம டயருதான் தம்பி.”

“நம்மன்னா?”

“எல்லாருக்கும்தான். நீ எந்த லொறியப் பாக்க வாறியோ அந்த லொறிக்கு மாட்டிக்கிருவோம். ஒனக்கு நல்ல சாமானாக் காட்டுறதுதானே மரியாதை.”

அவர் கேலி செய்யவில்லை. விருந்தாளி வந்தால் அடுத்த வீட்டிலிருந்து உட்கார நல்ல கதிரை வாங்கிப் போடுவோமே, அது மாதிரித்தான் சொன்னார். பெரிய அதிகாரிகள் வரும்போதும் இதுதான் நடக்குமாம். எனக்கு முன்னால் யாரும் படுத்துப் பார்க்காததால் பிறை மட்டும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது.

நான் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, ஒவ்வொரு டயரிலும் அதன் லொறி நம்பரைப் பெரிதாக எழுதினேன். அடுத்த முறை நாலாம் நம்பர் வந்தபோது டயர்கள் பளபளவென்று இருந்தன. நம்பரும் சரியாக நான்குதான். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றை நான்காக்க இரண்டு கோடு போதும். அந்தக் கோடுகளின் பெயிண்ட் இன்னும் காயவில்லை, என் விரலில் ஒட்டியது.

“பெயிண்டு ஈரமா இருக்கேண்ணே.”

“மழைதானே தம்பி.”

பிறகு டயரில் இரும்பு அச்சால் சூடு போட்டு நம்பர் பதித்தேன். இரவல் டயர் கதை அதோடு முடிந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உத்தியோகத்தில் நான் பெருமைப்பட்ட நாட்களில் அது ஒன்று.

சொந்த டயர்களோடு நின்ற நாலாம் நம்பரை அப்போதுதான் உண்மையில் பார்த்தேன். பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் யோசிக்கும், இரண்டாந் தடவை மிதித்தால் சம்மதிக்கும். கியர் சில நேரம் தானாகவே கழன்றுவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் செல்வராஜ் அண்ணனின் நெஞ்சு வரைக்கும் வந்தது. லொறி அதைப் பொருட்படுத்தாமல் சரிவில் இறங்கியது. கேபிள் நார் நாராகப் பிரிந்திருந்தது. அந்த லொறி தினமும் போகும் வழியில் ஒரு இறக்கம் இருக்கிறது. இறக்கத்தின் தலைப்பில் ரோதைமுனி கோயில். ரோதை என்றால் சக்கரம், சக்கரங்களுக்குக் காவல் அந்த முனி. ஒரு கல்லும் ஒரு சூலமும், மேலே பழைய தகரம் ஒன்றும்தான் கோயில். அங்கிருந்து கீழே பாலம் வரைக்கும் ரோடு செங்குத்தாக இறங்கி, நடுவில் ஒரு முறை வளைகிறது. வளைவில் சுவர் இல்லை.

அந்த இறக்கத்தில், அந்த லொறியின் பின்னால், தட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பார். நான் சிவப்பு ஒட்டினேன்.

அடுத்த நாள் பெண்கள் நடந்தார்கள். மலை ஏறி, இறங்கி, பாலம் கடந்து, மறுபடி ஏறி. போய்ச் சேர்ந்தபோது பொழுது ஏறிவிட்டது. பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர்தான் விழும் என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டார். முழு நாள் உழைத்தால் ஒரு பேர். அவர்களுக்கு அன்று பாதி.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் இருந்தார். காலை வெந்நீரில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாரியக்கா வாசலில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்:

“ஒம் மவனப் படிக்க வச்சது எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குது லெச்சுமி. நம்மள நடக்க வைக்கத்தான்.”

“டாக்டருதானே” என்றார் அம்மா. “நடக்கச் சொல்லித்தான் எல்லா டாக்டரும் சொல்றாங்க.”

“அம்மா, அந்த லொறிக்குப் பிரேக்கு இல்ல” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? நான் தானே அதுல போறேன். நீயா போற?”

“அப்ப ஏன் போறீங்க?”

“போகாட்டி அரைப்பேரு.” சாதாரணமாகச் சொன்னார். “நீ செவப்ப ஒட்டினது சரி. அதுக்குப் பெறகு என்னா செய்யணும்னு ஒன் படிப்புல சொல்லிக் குடுத்தாங்களா?”

சொல்லிக் கொடுக்கவில்லை. திரையில் இருந்த படங்களில் லொறி ஓடாவிட்டால் யார் நடப்பார்கள் என்று காட்டப்படவில்லை.

மறுநாள் ரத்நாயக்க மாத்தயா வந்தார். ஜீப்பின் கண்ணாடியைப் பாதி இறக்கினார். ஹோர்ன் அடிக்கச் சொன்னார், கேட்டார், பம்பரைத் தட்டினார். பிறகு தன் கையாலேயே சிவப்பு ஸ்டிக்கரை உரித்து மஞ்சளை ஒட்டினார். நகத்தால் ஓரங்களை அழுத்திவிட்டார். அவர் தானே கைபட்டுச் செய்த ஒரே திருத்த வேலை அதுதான்.

“மாத்தயா, ஆள் ஏத்துற லொறி” என்றேன்.

“தெரியும் தம்பி. நம்ம அம்மாவும் போறாங்க தானே. எனக்கும் கவலைதான்.” உண்மையான கவலையோடுதான் சொன்னார். “பிரேக்கைத் திருத்தச் சொல்றேன். கேபிளுக்கும் எழுதுறேன். நாலு லொறிக்கும் நாலு கேபிள் கேட்டா ஒண்ணும் வராது. முதல்ல ஒண்ணு கேப்போம். அவதானிப்போம்.”

கேபிள் வரும் வரைக்கும் என்ன செய்வது? என் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது: செங்குத்தான இறக்கத்தில் ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும், வாகனம் வெறுமையாகச் செல்ல வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டினேன். பெண்கள் அதைச் சுற்றி நின்று, வாசிக்கத் தெரிந்தவர்களை வாசிக்க வைத்து, சிரித்தார்கள்.

“லொறி நம்மள ஏத்திக்கிட்டுப் போகுதா, நம்ம லொறியக் கூட்டிக்கிட்டுப் போறோமா?” என்று கேட்டார் மாரியக்கா. ஒருவரும் இறங்கவில்லை. நான் அந்தக் காலைகளில் முனி கோயிலடியில் போய் நின்று பார்த்தேன். செல்வராஜ் அண்ணன் கோயிலுக்கு முன்னால் லொறியை மெதுவாக்கி, ஜன்னலால் கையைக் காட்டிக் கும்பிட்டு, ஹோர்ன் அடித்துவிட்டு இறங்குவார். பின்னால் பெண்கள் தட்டில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். என்னைக் கடக்கும்போது அம்மா மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். லொறி வளைவைக் கடக்கும் வரைக்கும் நான் மூச்சை வெளியே விட்டதில்லை.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள், லொறி கோயிலடிக்கு வந்ததும் அம்மா டிரைவருக்குப் பின்னால் இருந்த தகரத்தில் தட்டினார்.

“செல்வராசு, நிப்பாட்டு.”

“என்னாக்கா?”

“சாமிக்கு முன்னால ஒக்காந்துகிட்டே ஹோரனு அடிச்சிட்டுப் போறியே. தொரைக்கு முன்னால அப்பிடிப் போவியா? எறங்கி ஒரு கட்டி சூடத்தக் கொளுத்து. நாங்களும் எறங்குறோம். அடியே மாரி, எறங்குடி. மேல நின்னுகிட்டு சாமியக் கீழ பாக்குறதா?”

மாரியக்கா இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். செல்வராஜ் அண்ணன் கல் ஒன்றைத் தேடி முன் சில்லுக்கு அண்டக் கொடுத்துவிட்டு வந்து சூடம் கொளுத்தினார். எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டார்கள். “எறங்கினது எறங்கிட்டோம், பாலம் வரைக்கும் காலாற நடப்போம், நீ லொறியக் கீழ கொண்டா” என்றார் அம்மா. இறக்கத்தில் நடப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. யாருக்கும் அரைப்பேர் விழவில்லை.

நான் எழுதி ஒட்டிய விதியின் ஒவ்வொரு சொல்லும் அன்று நிறைவேறியது. அன்று மட்டுமல்ல, தினமும். மாத்தயாவிடம் பெருமையோடு சொன்னேன், இறங்கி நடக்கும் விதி அமலாகிவிட்டது என்று. அவர் ஆச்சரியப்பட்டார். எப்படி என்று கேட்டார். “விழிப்புணர்வு” என்றேன்.

அம்மாவிடம் மட்டும் வீட்டில் கேட்டேன், “எனக்காகத்தானே செஞ்சீங்க?”

“சாமிக்காகச் செஞ்சேன். ஒனக்கு எதுக்குச் சூடம்?”

மாத்தயா எழுதியபடியே ஒரு கேபிள் வந்தது. நல்ல கேபிள். அதை நானே பக்கத்தில் நின்று நாலாம் நம்பருக்குப் பூட்டினேன். கோயில் சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டுப் பார்த்தோம். லொறி மலையோடு மலையாக நின்றது. கால் பிரேக்கையும் திருத்தியிருந்தார்கள். கியரும் அன்று கழலவில்லை. நான் பச்சைக் கட்டைப் பிரித்தேன். அன்று இரவு அம்மாவிடம், இனி இறங்கத் தேவையில்லை, பயமில்லாமல் போகலாம் என்று சொன்னேன்.

“லொறி நல்லாயிருச்சின்னு சாமிக்குக் குடுக்குற மரியாதையக் கொறைக்க முடியுமா?” என்றார். அவர்கள் தொடர்ந்து இறங்கினார்கள். கொஞ்சம் மூடநம்பிக்கைதான் என்று எனக்குப் பட்டது. படித்தவன் அல்லவா, பொறுத்துக்கொண்டேன்.

இனி அந்தக் காலை. அன்று எனக்குக் கீழ்கணக்கில் வேலை, இரண்டாம் நம்பர் லொறியின் பரிசோதனை. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் டயர்களைப் பார்த்தேன், சூடு போட்ட நம்பர் சரியாக இருந்தது. நட்டுகளைத் தட்டினேன். சரிவுக்குக் கொண்டுபோய் ஹேண்ட் பிரேக்கைப் பரிசோதித்தேன். லொறி அசையவில்லை. போன முறை மட்டுமட்டாக மஞ்சளோடு தப்பிய லொறி அது, என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி பார்த்தேன். அசையவே இல்லை.

“ஹேண்ட் பிரேக்க எப்பத் திருத்துனீங்க? அருமையா இருக்கு” என்று அந்த லொறியின் டிரைவரிடம் சொன்னேன். அந்த உத்தியோகத்தில் ஒரு ஹேண்ட் பிரேக்கை நான் மனமாரப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். டிரைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “சும்மா, நேத்துத்தாங்க” என்றார்.

பச்சை ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்வராஜ் அண்ணன்.

“தம்பி, நாலாம் நம்பரு போயிருச்சு.”

“எங்க?”

“கீழ.”

பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. அம்மாவின் சத்தமா என்று பிரித்தறிய முயன்றேன், முடியவில்லை.

“ஆள்?” என்றேன்.

“ஆள் எல்லாம் இங்கதான் நிக்கிறோம். கோயிலடில.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இன்னும் கோயிலடியில்தான் நின்றார்கள். நடந்தது இதுதான். வழக்கம் போல லொறியை நிறுத்தி, கியரில் போட்டு, ஈரக் கல் ஒன்றை அண்டக் கொடுத்து, எல்லாரும் இறங்கியிருக்கிறார்கள். சூடம் கொளுத்தி, திருநீற்றுக்குக் கை நீட்டும்போது கியர் கழன்றிருக்கிறது. கல் தவளை மாதிரித் துள்ளி ஒதுங்கியிருக்கிறது. லொறி யாரிடமும் சொல்லாமல், சத்தமில்லாமல், அவர்களைக் கடந்து போயிருக்கிறது. செல்வராஜ் அண்ணன் சூடத் தட்டோடு நின்று, “போவுது” என்றாராம். வளைவில் அது வளையவில்லை. ரோட்டோரத் தண்ணீர்க் கானைத் தாண்டி, தேயிலைக்குள் இறங்கி, இரண்டு முறை புரண்டு, சில்லுகள் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. ஆட்கள் நிற்கும் பின் தட்டு சப்பையாகிவிட்டது.

அம்மா திருநீற்றை இன்னும் பூசவில்லை. உள்ளங்கையிலேயே இருந்தது. மழையில் கரைந்து விரல் வழியே வடிந்துகொண்டிருந்தது.

“அந்தப் பக்கம் பாக்காத” என்றார் என்னிடம். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

விசாரணை ஒபிசில் நடந்தது. ரத்நாயக்க மாத்தயா நடுவில் இருந்தார். நான் ஓரத்தில். செல்வராஜ் அண்ணன் நின்றார்.

“புதிய கேபிள் பூட்டின லொறி தானே. ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கல்ல?” என்று கேட்டார் மாத்தயா.

“கேபிளு இல்லீங்க ஐயா. பழசத்தான் போட்டிருந்தோம்.”

“புதுசு எங்க?”

“ரெண்டாம் நம்பருலங்க.”

“அங்க எப்படிப் போனது?”

“இன்ஸ்பெக்சனுங்களே. முதநாள் சாயங்காலம் கழட்டிக் குடுத்தேன். மத்தியானம் திருப்பிக் கொண்டாந்துருவாங்க.” செல்வராஜ் அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பயம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. “ரெண்டாம் நம்பருக்கு நீ செவப்பு ஒட்டிட்டா அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க நடக்கணும்ல தம்பி. நம்ம பொம்பளைங்க நடந்தப்ப எவ்வளவு கஷ்டப்பட்டாங்க. நாங்க ஒரு காலைக்கு எப்பிடியும் சமாளிக்கலாம், கோயிலடில எறங்கத்தானே போறாங்கன்னு நெனச்சேன்.”

அதற்கு என்ன நிறம் ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியிலேயே ஒரு லொறியின் பிரேக்கைக் கழற்ற வைக்கும் பலம் உள்ள ஒரே ஆள் நான்தான், என் பரிசோதனைதான். டயருக்குச் சூடு போட்டவன், கேபிளுக்கும் போட்டிருக்கலாம். ஆனால் அப்போது அவர்கள் வேறு ஏதாவதைக் கழற்றியிருப்பார்கள். நான்கு லொறிக்கு ஒரு கேபிள் என்றால், அது சுற்றத்தானே செய்யும்.

நான் அதையே சொன்னேன். நாலு லொறிக்கும் நாலு கேபிள் வாங்கியிருந்தால் யாரும் எதையும் கழற்றியிருக்கமாட்டார்கள், செல்வராஜ் அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது என்றேன். மாத்தயா கவனமாகக் கேட்டார். செல்வராஜ் அண்ணனின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு நான் இன்றும் மாத்தயாவுக்கு நன்றியோடு இருக்கிறேன். அவர் எழுதிய முடிவு சுருக்கமானது: வழிபாட்டு நிறுத்தத்தின்போது வாகனம் தானாக முன்னேறியது, ஆட்சேதம் இல்லை, அவதானிக்கப்பட்டது.

தோட்டம் முழுக்க அது முனியின் செயல் என்று பேசினார்கள். நிர்வாகமும் அதை ஏற்றுக்கொண்டது. வேகமாக ஏற்றுக்கொண்டது. ரோதைமுனிக்கு ஓட்டுக் கூரையும் சீமெந்துப் படியும் கட்டிக் கொடுத்தார்கள். தினமும் கொளுத்தும் சூடத்தை ஒபிசில் இருந்தே கொடுத்தார்கள். எந்தச் செலவில் போடுவது என்று கிளார்க் கேட்டபோது, மாத்தயா கொஞ்சம் யோசித்து, “வாகனப் பராமரிப்பு” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நாலாம் நம்பருக்குப் பதிலாகப் புதிய லொறியும் வந்தது. மற்ற மூன்றும் அப்படியே ஓடின.

அந்த வருட முடிவில் என் பதவியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை, எனவே பாதுகாப்பு நன்றாக இருக்கிறது, எனவே தனியாக ஒரு ஆள் தேவையில்லை. வெளிநாட்டுக்காரர்களும் இப்போது பெயருக்குப் பதிலாகப் போட்டோதான் கேட்கிறார்களாம். பிரியாவிடை வைத்தார்கள். மாத்தயா பேசினார்: “நம்ம தம்பி இருந்த காலத்தில ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்ல. இது சின்ன விசயமில்ல.” எல்லாரும் கைதட்டினார்கள். செல்வராஜ் அண்ணன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினார். பிறகு கடிகாரத்தைத் தந்தார்கள். நல்ல கடிகாரம், சரியான நேரம் காட்டுகிறது.

இப்போது டிக்கோயாவில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் நிற்கிறேன். முதலாளி ரிஸ்வி நானா, என் பரிசோதனை அனுபவத்தை மதித்து பிரேக் சாமான்கள் இருக்கும் பக்கத்தை என்னிடம் விட்டிருக்கிறார். இடைக்கிடை ஏதாவது தோட்டத்திலிருந்து ஆள் வந்து ஹேண்ட் பிரேக் கேபிள் கேட்பார். “எத்தனை லொறிக்கு?” என்பேன். லொறிகளின் எண்ணிக்கையைச் சொல்வார். பிறகு ஒரு கேபிள் வாங்கிப் போவார்.

போன் எடுத்த தம்பிக்கு ஒன்று மட்டும் சொன்னேன். அங்கே ஓடும் நாலு லொறியின் ஹேண்ட் பிரேக் போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தார். “அண்ணன், நாலுலயும் ஒரே டிரைவர்ட கை மாதிரி இருக்கு. மோதிரமும் ஒண்ணுதான்” என்றார். நல்ல பிள்ளை. முன்னுக்கு வருவார், அல்லது சீக்கிரமே அவருக்கும் கடிகாரம் கிடைக்கும்.

போன மாதம் கடை லீவு நாளில், அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் புதிய லொறியில் மேல் மலைக்குப் போனேன். நல்ல லொறி. எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. முனி கோயிலடியில் செல்வராஜ் அண்ணன் நிறுத்தினார். ஓட்டுக் கூரை மழையில் நனைந்து சிவப்பாக இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் தட்டிலேயே இருந்தேன்.

“நீங்க போங்கம்மா. நான் பாலத்துல எறங்குறேன். புது லொறிதானே, பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்றேன்.

அம்மா கீழே நின்று என்னைப் பார்த்தார்.

“நீ படுத்துப் பாத்தியா?”

“இல்லம்மா. எனக்குத்தான் இப்ப அந்த வேலை இல்லியே.”

“அப்ப எறங்கு.”

இறங்கினேன்.